பஸ் ஸ்டாப்பில் இருபது தடவை

எனக்கு இது ஏழாம் மாதம். கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. தினமும் இருபது தடவை குதிகாலைத் தூக்கி இறக்கச் சொல்லியிருக்கிறார் பிசியோதெரபி டாக்டரம்மா.

வீட்டில் ஏது நேரம்? இன்று சரோஜினி நகர் பஸ் ஸ்டாப்பிலேயே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன்.

நான் எம்பியதும் பின்னால் நின்ற வரிசை மொத்தமும் எம்பியது.

"பஸ் ஆ ரஹீ ஹை க்யா?" என்றார் ஒரு சர்தார்ஜி, பஸ் வருகிறதாக்கும் என்று நினைத்து.

"நஹீ பையா, எக்ஸர்சைஸ்!"

பக்கத்து குவார்ட்டர்ஸ் மாமி தலையில் அடித்துக்கொண்டாள். "லீவு போட்டுட்டுப் படுத்துக்கோயேன்டி!"

"படுத்தாத்தான் மாமி இன்னும் இழுக்கறது."

பதினாறாவது தடவை எம்பும்போது நிஜமாகவே பஸ் வந்தது. சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. முதல் ஆளாக ஏறினேன். லேடீஸ் சீட் காலி.

உட்காரவில்லை. இன்னும் நாலு பாக்கி இருந்ததே!

நாளையும் எம்புவேன். இதைப் படிப்பவர்களில் அந்த வரிசையில் நிற்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?