நாலு பேர் வேண்டாத ட்ரெய்லர்

இடக்கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டபடி மருத்துவமனையிலிருந்து வந்திறங்கிய பிரபாலினிக்கு, தன் பட்டறை வாசலில் நின்ற ட்ரெய்லரைக் கண்டதும் வலி மறந்துபோயிற்று. கோபம் நல்ல மருந்து. நெஞ்சளவு உயரச் சுவர், பின்னால் மடித்து வைத்த ஏற்றுப்பலகை, மேலே போட நீலப் படங்கு. அவள் கேட்டது இதுவல்ல.

"என்ன அண்ணை இது?"

அண்ணன் விஜயரத்தினம் மாடு வாங்கி வந்தவர்போல அதன் பக்கத்தில் தட்டிக் காட்டினார்.

"நல்ல உரம் பிள்ளை. நீ சொன்னதைப் பாத்தனான். அதுக்குச் சுவரே இல்லை, வெறும் தகடு. அதிலை ஒரு கதிரை மேசை ஏத்தேலுமே? அன்னதானக் கிடாரம் வைக்கேலுமே? கலியாணம் காட்சிக்கும் உதவாது. அதுதான் மாத்தி எடுத்தனான்."

"நான் கதிரை ஏத்திறேல்லை அண்ணை. மோட்டார் சைக்கிள் ஏத்திறனான்."

"அதுக்கு நாங்கள் இருக்கிறம்தானே! ஒரு போன் அடி. நாலு பேர் வந்து தள்ளி ஏத்தித் தருவம்."

பிரபாலினி ஜேர்மனியின் ஹம் நகரத்து ஓரத்தில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருப்பவள். ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து தாயோடு வந்தாள். பள்ளிக்கூடம் முடிந்து மெக்கானிக் வேலைக்கு அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்யப்போகிறேன் என்றபோது, "எண்ணெய்க் கையோடை நிக்கிற பொம்பிளையை ஆர் கட்டுவான்?" என்று துள்ளியவரும் இதே அண்ணன்தான். கட்டுவதற்குக் கதிர்காமநாதன் வந்தார். மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்கிற சாதுவான மனிதர். மோட்டார் சைக்கிளையும் மைத்துனரையும் தூர நின்றே பார்ப்பார்.

பட்டறைக்குச் சோறு போட்டது ஒரு வேலைதான். சவர்லாண்ட் மலை வளைவுகளில் ஓடப்போய் நடுவழியில் நின்றுவிடுகிற பெரிய பெரிய வண்டிகளை, எந்தக் கிழமையானாலும் போய் ஏற்றி வருவாள். முந்நூறு, நானூறு கிலோ எடையுள்ள வண்டிகள். வசந்தத் தொடக்கத்தில் ஒருநாள், மழையில் நனைந்த ஏற்றுப்பலகையில் அப்படியொரு வண்டி பின்னால் வழுக்கியது. கையை விட்டிருந்தால் தோள் தப்பியிருக்கும். நம்பித் தந்தவனின் வண்டியை நிலத்தில் போட அவளுக்கு மனம் வரவில்லை. அந்தக் கையால் இனி மேட்டில் எதையும் தள்ளக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஏற்ற முடியாவிட்டால் பட்டறையைப் பூட்டவேண்டியதுதான்.

அதனால் அறுவைச் சிகிச்சைக்கு முதலே கடைகடையாக ஏறி இறங்கினாள். ஒற்றைப் பலகை வைத்தது உதவாது. வண்டி உச்சிக்குப் போகிற நேரம் ஆளின் கால் தரையில் எட்டாது. பலகை அகலமென்றால் பக்கத்தில் நடக்கலாம், ஆனாலும் தள்ளத்தான் வேண்டும். தளம் சரிகிற வகையில் மேடு குறைவு. குறைந்தாலும் மேடு மேடுதான். கடைசியாக ஒன்றைக் கண்டாள். நெம்புகோலை அழுத்தினால் தளம் முழுவதும் அப்படியே இறங்கி நிலத்தோடு படுத்துவிடும். ஓடாத வண்டியை வின்ச் என்கிற சிறிய கம்பிச்சுருள் பொறி இழுத்துக்கொள்ளும். முன்சில்லு கிடுக்கிக்குள் போனதும் வண்டி தானாக நிமிர்ந்து நிற்கும். பிறகு பம்புக் கைப்பிடியை ஒற்றைக் கையால் அடித்தால் வண்டியோடு தளம் மேலே எழும். அவள் தன் சொந்த வண்டியைக் கொண்டுபோய் வலக்கையால் மட்டும் ஏற்றிப் பார்த்தாள். ஏறியது. கடை வாசலிலேயே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அதைத்தான் எடுத்து வரச்சொல்லி, அதிகாரக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அண்ணனை அனுப்பினாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

"அண்ணை, நாலு பேர் வரவேணுமெண்டு நான் அதைக் கேக்கேல்லை. ஒருத்தரும் வரத் தேவையில்லை எண்டுதான் கேட்டனான். விளங்குதே?"

"சும்மா விசர்க்கதை கதையாதை. சொந்தபந்தம் பிறகென்னத்துக்கு?" என்றார் அவர். பக்கத்தில் நின்ற கதிர்காமநாதன், "அண்ணை யோசிச்சுத்தானே செய்திருப்பார்" என்றார். அன்றிரவு கணவர் வைத்த குழம்பைப் பிரபாலினி தொடவில்லை.

ட்ரெய்லர் ஊர்வலம் தொடங்கியது. டோர்ட்முண்டில் பூப்புனித நீராட்டு விழா, சோஸ்டில் வீடு மாறுதல், யாருக்கோ பழைய சோபா. ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று விஜயரத்தினம் கேட்டவருக்கெல்லாம் அள்ளி வழங்கினார். அதன் பூட்டின் திறப்பு அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. தோள் ஆறட்டும் என்று பிரபாலினி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஆனி மாதம், ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர் நாளன்று காலையில் டொறத்தி போனில் கூப்பிட்டாள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, பிரபாலினியின் மிகப் பழைய வாடிக்கையாளர். அவளுடைய கனத்த வண்டி மோனசே ஏரிக்கரை வாகனத் தரிப்பிடத்தில் நின்றுவிட்டது. "வருகிறாயா?" என்று ஜேர்மனில் கேட்டாள்.

"வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் பிரபாலினி வாசலைப் பார்த்தாள். ட்ரெய்லரைக் காணவில்லை. அண்ணனைக் கூப்பிட்டாள். போனுக்குள் மேளமும் நாதஸ்வரமும் அரோகராவும் கேட்டன.

"பிரபா, தேர் வெளிக்கிடுது! ஒண்டும் கேக்கேல்லை!"

"ட்ரெய்லர் எங்கை?"

"இஞ்சைதான். கிடாரம் ஏத்தி வந்தது."

"எனக்கு இப்ப வேணும். நாலு பேரும் வேணும்."

"ஐயோ பிள்ளை, எல்லாரும் வடம் பிடிக்கினம். பின்னேரம் பாப்பம்."

டொறத்தி பின்னேரம் வரை பார்க்கவில்லை. "மன்னித்துக்கொள், வேறொருவரைக் கூப்பிட்டுவிட்டேன்" என்று சிறிது நேரத்தில் செய்தி அனுப்பினாள். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஆண்டிகள் கூடி மடம் கட்டின கதையை நம்பி அவள் ஏன் வெயிலில் காயவேண்டும்?

பிரபாலினி காரை எடுத்துக்கொண்டு நேரே ஊன்ட்றொப்புக்குப் போனாள். அர்ச்சனைத் தட்டு இல்லை, பட்டுச் சேலை இல்லை, பட்டறைக் காற்சட்டைதான். சனம் விலகி வழிவிட்டது. ட்ரெய்லர் அன்னதானக் கொட்டகையின் பின்னால் நின்றது. சாம்பார் வழிந்து அதன் தளம் ஊறிக்கிடந்தது. பக்கத்தில் விஜயரத்தினம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இறக்குங்கோ எல்லாத்தையும்."

"என்ன பிரபா இது, கோயிலிலை? சத்தம் போடாதை. நாலு பேர் பாக்கினம்."

"பாக்கட்டும். அந்த நாலு பேரைத் தேடித்தான் வந்தனான். இருபது வருசம் நான் கட்டின பட்டறை அண்ணை. உங்களுக்குக் கிடாரம் வைக்க இடம் காணாதெண்டு அதை மூடச் சொல்லுறியளோ? இண்டைக்கு ஒருத்தி என்னைக் கூப்பிட்டவ. என்னாலை போகேலாமல் போச்சு. தோள் நொந்து இல்லை. உங்களாலை!"

அவள் குரல் உடைந்தது. அதை மறைக்க இன்னும் உரக்கக் கத்தினாள். யாரோ ஒரு அக்கா, "பாவம், பிள்ளைக்கு அருள் வந்திட்டுது போல" என்றாள். பிரபாலினி திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த அக்கா கொட்டகைக்குள் போய்விட்டாள்.

கிடாரங்கள் இறங்கின. வேட்டி கட்டிய நாலு பேர் மளமளவென்று இறக்கினார்கள். ஆள்பலம் இருக்கத்தான் செய்தது. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அந்த வாரமே விஜயரத்தினம் தளத்தைத் தன் கையால் தேய்த்துக் கழுவிக் கடைக்குக் கொண்டுபோய், பாவித்ததற்குக் கழித்த காசைத் தானே கட்டி, தங்கை கேட்டதை மாற்றி எடுத்து வந்தார். திறப்பை மேசையில் வைத்தார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. அந்தப் பழக்கம் அவருக்கு இல்லை.

கோடை முடிகிற நேரம் டொறத்தி மறுபடி கூப்பிட்டாள். "அந்த ஆள் சரியாகப் பார்க்கவில்லை, மறுபடி நின்றுவிட்டது. இந்த முறை வருவாயா, இல்லை வேறு ஆளைப் பார்க்கட்டுமா?"

பிரபாலினி போனாள். கூப்பிடாமலே அண்ணனும் பின்னால் காரில் வந்தார். ஏரிக்கரையில் அவள் நெம்புகோலை அழுத்த, தளம் மெதுவாக இறங்கி நிலத்தில் படுத்தது. வின்சின் கொளுக்கியை மாட்டிவிட்டு வலக்கையால் வண்டியைப் பிடித்தாள். விஜயரத்தினம் ஓடி வந்து பின்னிருக்கையில் கை வைத்தார்.

"கையை எடுங்கோ அண்ணை."

எடுத்தார். வண்டி ஊர்ந்து போய்க் கிடுக்கிக்குள் முன்சில்லைக் கொடுத்து நின்றது. பட்டிகளை இறுக்கினாள். பம்புக் கைப்பிடியை அடிக்க அடிக்க, நானூறு கிலோ சத்தமில்லாமல் மேலே வந்தது. டொறத்தி கை தட்டினாள். எடுத்த கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் விஜயரத்தினம் அவற்றைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ட்ரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து தளத்தைப் பார்த்தார்.

"இதிலை கிடாரத்தை அப்பிடியே உருட்டி ஏத்தலாம் போல கிடக்கு" என்றார். பிறகு தொண்டையைச் செருமினார். "வாற சனிக்கிழமை ஒரு கலியாணம் இருக்கு. ஒருக்காத் தருவியோ பிள்ளை?"

அண்ணன் அவளிடம் ஒன்றைக் கேட்டுப் பெற நினைத்தது அவளுக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை. அவள் கடைசிப் பட்டியை இழுத்துப் பார்த்தாள்.

"ஏலாது" என்றாள்.