முயலுக்கு எண்ணெய் தேய்த்தவள்

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி மதுரை ஆரப்பாளையத்துக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வயது பதினேழு. வீட்டில் நான், என் கணவர், என் மாமியார் மூன்றே பேர். அவர் ஒரு பஞ்சு மில்லில் கணக்கெழுதும் வேலையில் இருந்தார். மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மாமனார் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது.

ஒருநாள் சாயங்காலம் என் கணவர் ஒரு மூங்கில் கூடையோடு வந்தார். மில்லில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குக் கிளம்புகிறாராம். அவர் வீட்டு அம்மாள் வளர்த்த முயல் போட்ட குட்டிகளில் ஒன்றை இவரிடம் கொடுத்துவிட்டார்களாம். மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே முயலையே காணோம், வெள்ளை முடிதான் இருந்தது. அம்புட்டு முடி! அதற்குள்ளிருந்து இரண்டு கண் மட்டும் என்னைப் பார்த்து மிரள மிரள விழித்தது. பஞ்சு மில் சம்பளத்தில் சாப்பிடுகிற வீட்டில் அதற்கு வேறென்ன பெயர் வைப்போம்? பஞ்சு என்றே கூப்பிட்டேன்.

அத்தைக்குப் பிடிக்கவே இல்லை. "முயலக் குழம்பு வைப்பாக, வளப்பாகளாடா எவனாச்சும்?" என்று மகனைத் திட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் மனசுக்குள் அது என்னுடையது என்று முடிவு செய்துவிட்டேன். பிறந்த வீட்டில் ஆடு, மாடு, கோழி எல்லாவற்றையும் மேய்த்தவள் நான். ஒரு முயல் எம்மாத்திரம் என்ற திமிர் எனக்கு.

அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

நாலு நாளில் அதன் முடியில் தூசியும் வைக்கோலும் ஒட்டிக்கொண்டு பார்க்கச் சகிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது. வீட்டுப் பெண்கள் எண்ணெய் தேய்த்துத் தலை முழுகுகிற நாள். நீளமுடி என்றால் எண்ணெயும் சீயக்காயும் போட்டால் பட்டாய் ஆகிவிடும் என்பதுதானே எங்களுக்குத் தெரிந்த வைத்தியம்? நான் முழுகிய கையோடு பஞ்சுவையும் பிடித்தேன். நல்லெண்ணெயை முதுகு, வயிறு, காதுக்குப் பின்னால் என்று சூடு பறக்கத் தேய்த்தேன். சீயக்காயைக் கரைத்து ஊற்றினேன். அது உதைத்தது, துள்ளியது. நான் விடவில்லை, அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் உதைப்பதை நிறுத்திவிட்டது. அடங்கிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன், பாவி. கையை எடுத்தால் துணி மாதிரித் தொங்குகிறது!

முந்தானையில் சுற்றி வெயிலில் உட்கார்ந்து துடைத்துக்கொண்டே அழுதேன். மீனாட்சி அம்மனிடம் என்னென்னவோ வேண்டிக்கொண்டேன். ஒரு நாழிகை கழித்துத்தான் அதன் மூக்கு ஆடியது. பிழைத்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து என்னைக் கண்டாலே எமனைக் கண்டதுபோல ஆனது. நான் கூடத்துக்குள் காலெடுத்து வைத்தால் போதும், பின்னங்காலால் தரையைத் 'தொம்' என்று அடித்துவிட்டு மூலையில் கிடக்கும் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய்ப் புகுந்துகொள்ளும்.

அதைவிடப் பெரிய தொல்லை முடி. எண்ணெய்ப் பிசுக்கும் சீயக்காய்த் தூளும் சேர்ந்து காய்ந்து, காதடியிலும் அக்குளிலும் வயிற்றிலும் முடி கட்டி கட்டியாகத் திரண்டுவிட்டது. கட்டி இழுத்த இடத்தில் தோல் சிவந்தது. ஈ மொய்க்க ஆரம்பித்தது. நெருங்கவே விடாத பிராணிக்கு எப்படிச் சிக்கெடுப்பது?

அந்தச் சமயம் பார்த்து சமயநல்லூரிலிருந்து அத்தையின் தம்பி வந்து சேர்ந்தார். எனக்குச் சித்தப்பா முறை. நாக்கு நீளமான மனுஷன். முயலை எட்டிப் பார்த்துவிட்டுச் சப்புக்கொட்டினார்.

"ஏக்கா, இம்புட்டு அழுக்கா வச்சிருந்தா புழு வச்சுச் செத்துரும். வீணாப் போறதுக்கு எங்கிட்டக் குடு. கறி வெள்ளாட்டங்குட்டி மாதிரி இருக்கும்."

அத்தை சரி என்றார். என் கணவரும், "அம்மா சொல்றதும் நியாயந்தான" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அம்மா பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாதவர். நான்தான் தைரியத்தை எல்லாம் திரட்டிக்கொண்டு முதல் தடவையாகப் பெரியவர்களுக்கு முன்னால் வாயைத் திறந்தேன். "சித்தப்பா, எனக்குப் பதினஞ்சு நாள் குடுங்க. அதுக்குள்ள சிக்கெடுக்கலேன்னா நானே கூடையில வச்சுத் தாரேன்."

அவர் சிரித்தார். "சரித்தா. அடுத்த ஞாயிறு விட்டு மறு ஞாயிறு வாரேன். ஒத்தக் கட்டி இருந்தாலும் தூக்கிட்டுப் போயிருவேன்."

மறுநாளே ஆரம்பித்தேன். துரத்திப் பிடிக்கக் கூடாது என்று மட்டும் புத்தி வந்திருந்தது. மத்தியானம் வேலை முடிந்ததும் அகத்திக்கீரையோடு போய்த் தரையில் உட்காருவேன். பேசாமல் உட்கார்ந்திருப்பேன். அது மூட்டைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும். கீரையை நீட்டினால் ஓடிவிடும். ஐந்து நாள் இதே கூத்து. ஆறாம் நாள் நான் பார்த்த காட்சியில் எனக்கு வயிறு எரிந்துபோனது. அத்தை, முயலைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கிற அத்தை, ஆய்ந்த கீரைத் தண்டைப் போகிற போக்கில் நீட்டுகிறார். பஞ்சு வெளியே வந்து அவர் கையிலிருந்தே வாங்கித் தின்கிறது!

அன்றைக்கு முழுக்க இதே யோசனை. அவரிடம் இருப்பது என்ன, என்னிடம் இல்லாதது என்ன? சாயங்காலம் அரிசி களையும்போதுதான் உறைத்தது. என்னிடம் இல்லாதது ஒன்றுமில்லை, இருப்பதுதான் கோளாறு. கைக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையல். மீனாட்சி கோயில் புது மண்டபத்துக் கடையில் வாங்கிப் போட்டது. கை அசைந்தாலே கலகலவென்று சத்தம். அன்றைக்கு எண்ணெய் தேய்த்து அமுக்கிப் பிடித்தபோது அதன் நீளக் காதுக்குப் பக்கத்தில் இந்தச் சத்தம்தானே கேட்டிருக்கும்? கைம்பெண்ணான அத்தைக்கோ வெறுங்கை.

சரி, கழற்றிவிடலாம் என்றால் முடியுமா? ஆறு மாதம் முன்னால் தாலி ஏறியவள் வெறுங்கையோடு நின்றால் வீடு தாங்குமா? யோசித்து ஒரு வழி கண்டேன். கணவருடைய பழைய வேட்டியைக் கிழித்து, வளையல்களை முழங்கைவரை ஏற்றி, அசையாதபடி சுற்றிக் கட்டினேன். இடது கை முடிந்தது. வலது கைக்கு முடிச்சுப் போட வரவில்லை. பல்லால் இழுத்துக்கொண்டு நிற்கிறேன், அத்தை வந்துவிட்டார்.

"ஏத்தா, கையில என்ன காயம்?"

பொய் சொல்ல வரவில்லை. விஷயத்தைச் சொன்னேன். திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அத்தை கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தார். பிறகு, "இங்கிட்டுக் கொண்டா. ஒத்தக் கையில எப்புடிக் கட்டுவ?" என்று இறுக்கிக் கட்டிவிட்டார். உடனே முகத்தை மாற்றிக்கொண்டு, "முயலுக்காக ஒண்ணுமில்ல. வளையல் ஒடஞ்சா சகுனத்தடை" என்றார். அதன்பின் தினமும் மத்தியானம் அவரே துணியை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்.

பத்தாம் நாள் பஞ்சு என் கையிலிருந்து கீரை தின்றது. பதினோராம் நாள் நெற்றியைத் தடவ விட்டது. மறுநாள் தானாக என் மடியில் முன்னங்காலை வைத்து ஏறியது. மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருந்தேன். விரலால்தான் முதலில் சிக்கெடுத்தேன். முயல் தோல் வெற்றிலைபோல மெல்லிசு, வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். ஒவ்வொரு கட்டியையும் அடியில் பிடித்துக்கொண்டு இழை இழையாகப் பிரித்தேன். வராததை என் கணவர் மீசை வெட்டும் கத்தரியால் நுனி நுனியாக நறுக்கினேன். உதறினால் உடனே விட்டுவிடுவேன். 'போதும்' என்று அது சொன்னால் போதும்தான், அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம். நாள்தான் கையில் இல்லை.

அந்த ஞாயிறு விடிந்தபோது ஒரே ஒரு கட்டி பாக்கி. அதுவும் பின்னங்கால் இடுக்கில், அடிவயிற்றில். சித்தப்பா கூடையோடு வந்து நடுக்கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அத்தை வந்து துணியைக் கட்டிவிட்டார். தரையில் உட்கார்ந்து, "பஞ்சு" என்றேன்.

வருமா? புது ஆள் உட்கார்ந்திருக்கிறாரே. மூட்டைக்குப் பின்னாலிருந்து மூக்கு தெரிந்தது. நின்றது. சித்தப்பாவைப் பார்த்தது. பிறகு குடுகுடுவென்று ஓடிவந்து என் மடியில் ஏறிக்கொண்டது.

ஒரு கையால் பின்பக்கத்தைத் தாங்கி, அதன் முதுகை என் மார்பில் சாய்த்துக்கொண்டேன். அடிவயிறு முழுக்கத் தெரிந்தது. அது உதறவில்லை. நாலு நறுக்கு. கட்டி கையோடு வந்தது. சீப்பை எடுத்துக் கழுத்திலிருந்து வால்வரை வாரினேன், ஓர் இடத்தில்கூடச் சிக்கவில்லை. பஞ்சு திரும்பி என் விரலை நக்கியது.

"அட!" என்று சித்தப்பா கையை நீட்டினார். அவ்வளவுதான், 'தொம்' என்று ஓர் உதை. என் முந்தானைக்குள் புகுந்துகொண்டது.

அத்தை எழுந்து அந்தக் கூடையை எடுத்தார். "தம்பி, கொல்லையில கத்திரிக்கா நெறைய கெடக்கு. பறிச்சுப் போட்டுத் தாரேன், கொண்டு போ. இது எங்க வீட்டுப் பிள்ளை. என் மருமக வளக்குது."

சித்தப்பா கத்திரிக்காயோடுதான் சமயநல்லூர் போனார். அத்தை என்னை மருமகள் என்று பெருமையாகச் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. அந்த வாரம் முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தெருப் பெண்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், நானும் கொஞ்சம் அதிகமாகவே அலட்டிக்கொண்டேன்.

பஞ்சு அதன்பின் ஐந்து வருஷம் எங்களோடு இருந்தது. நான் பிள்ளைகள் பெற்றேன், பேரன் பேத்தி பார்த்தேன், நாலு பேர் மெச்சும்படி வாழ்ந்தும் விட்டேன். ஆனாலும் உன் வாழ்நாளில் பெருமையாக ஒன்றைச் சொல் என்று யாராவது கேட்டால், என் அவசரத்தால் சாகக் கிடந்த உயிர் என்னை மன்னித்துத் தானாக நடந்து வந்து மடியில் வயிற்றைக் காட்டி உட்கார்ந்த அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் இன்றைக்கும் முதலில் சொல்வேன்.