மூன்றாவது தரம்

வாசலிலேயே செருப்பைக் கழற்றி, கையில் எடுத்து, சுவரோரமாகச் சத்தமில்லாமல் வைக்கிறார். சாவிக்கொத்தைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போடுகிறார். மனைவி நீட்டும் வெந்நீரை இரண்டு மடக்கு குடிக்கிறார். செருமல் வருகிறது, அதையும் விழுங்கிவிடுகிறார். மணி மாலை ஆறரை. உள்ளே ஒரு சாம்பல் நிறக் கிளியைத் தூங்க வைத்தாக வேண்டும்.

இத்தனை பதுங்கிப் பதுங்கி வருகிறவர் யாரென்று சந்தையில் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மொத்தப் பழச் சந்தையில் முப்பது வருஷமாக ஏலம் விடுகிறவர் அவர். ஒலிபெருக்கி வேண்டாத தொண்டை என்பதால் பெயரே ‘மைக்’ என்றாகிவிட்டது. ஆப்பிள் பெட்டி மேல் ஏறி நின்று, “ஒரு தரம்! ரெண்டு தரம்!” என்று அவர் போடும் சத்தத்தில் அடுத்த தெருப் பூனைகூட எழுந்து உட்காரும். மூன்றாவது தரத்துக்கு உள்ளங்கையால் பெட்டி மேல் ஓங்கி ஓர் அறை. அது விழுந்துவிட்டால் சரக்கு இன்னாருக்கு என்று முடிந்தது. அப்புறம் யார் வந்து கெஞ்சினாலும் நடக்காது.

கிளி மகளுடையது. ஐந்து வருஷமாக ராத்திரிதோறும் அவள்தான் அதைக் கொஞ்சிப் படுக்க வைத்தாள். வேலை கிடைத்து வெளியூர் போனாள். அவள் தங்கும் விடுதியில் பறவைக்கு இடமில்லை. கிளி அப்பா பொறுப்பில் வந்து சேர்ந்தது. முதல் நாள் மிகுந்த மரியாதையோடு, “மேடம், தூங்குங்க” என்றார். அவரைக் கேட்டால் அது ரகசியக் குரல். மேடம் கம்பிலிருந்து தடாலென்று விழுந்தது.

பத்தே நாளில் அது தன் நெஞ்சிலிருந்த இறகைத் தானே பிடுங்க ஆரம்பித்துவிட்டது. “பன்னிரண்டு மணி நேரம் தூங்கணும். தூக்கமில்லாமதான் இப்படிப் பண்ணுது” என்றார் கால்நடை மருத்துவர். மகள் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “உங்க குரலுக்குப் பயப்படுதுப்பா. இந்த மாசக் கடைசி ஞாயிறு வர்றேன். அதுக்குள்ள சரியாகலன்னா என் தோழி வீட்ல விட்டுடலாம்.”

“சரிம்மா” என்று வைத்துவிட்டார். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மகள் போனபிறகு அந்த வீட்டில் அவர் ஒன்று சொன்னால் பதிலுக்கு ஒன்று சொல்ல மனைவியையும் கிளியையும் விட்டால் யார் இருக்கிறார்கள்? அதிலும் கிளி அவரைத் திட்டுவதில்லை.

அன்று தொடங்கியதுதான் இந்தச் செருப்பு, சாவி விரதமெல்லாம். கூண்டிலிருக்கும் மணியைக் கழற்றுவார். தண்ணீர் மாற்றுவார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, மகளின் பழைய போர்வையைக் கூண்டின் மூன்று பக்கமும் போர்த்துவார். நாலாவது பக்கம் திறந்திருக்கும், சின்ன விளக்கு வெளிச்சம் தெரிய. முழுக்க மூடினால் அதற்குப் பயம். மனைவி தொலைக்காட்சியின் சத்தத்தை அறவே நிறுத்திவிட்டு வாயசைவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள். “என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பகூட இப்படி மெதுவாப் பேசல இந்த மனுஷன்” என்பாள். அவளும் மெதுவாகத்தான் சொல்வாள்.

பேச்சுக்கு என்ன செய்வது? தாலாட்டு அவருக்கு வராது. வாயில் வருவது ஒன்றுதான். ஒருநாள் அதையே மூச்சுக்காற்றில் சொல்லிப் பார்த்தார். “ஒரு தரம்...” கிளி தலையைச் சாய்த்தது. “ரெண்டு தரம்...” இறகு லேசாக உப்பியது. அடடா, வேலை நடக்கிறதே என்று பூரித்துப்போய் அதோடு நிறுத்திக்கொண்டார். தொழில் பழக்கம். இரண்டாம் தரத்துக்குப் பிறகு கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மூன்றை வாயிலிருந்து அவ்வளவு சுலபத்தில் விடமாட்டார். “சொல்லிட்டா சரக்கு போச்சு” என்பார். கிளியோ கண்ணை அகல விரித்தபடி உட்கார்ந்திருந்தது. இவர் அதைப் பார்க்க, அது இவரைப் பார்க்க, நாலு நாள் இப்படியே ஓடியது.

ஐந்தாம் நாள் மனைவிக்குப் பொறுமை போனது. “ஏங்க, ஏலத்தை முடிச்சுத் தொலைங்களேன். பாவம், அதுவும் எவ்வளவு நேரம்தான் காத்திருக்கும்?”

“மூணு தரம்” என்றார், பெட்டியை அறையத் துடித்த வலக்கையைத் தொடைக்கடியில் அமுக்கிக்கொண்டு. கிளி ஒரு காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டது. அலகை மேலும் கீழுமாக அரைத்தது, கறுக் கறுக்கென்று. உறக்கம் சுகமாக வரும்போது கிளி போடும் சத்தம் அது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மாசக் கடைசி ஞாயிறு மகள் வந்தாள், பறவை கொண்டுபோகும் பெட்டி ஒன்றோடு. கிளியின் நெஞ்சில் புதிய இறகு அரும்பியிருப்பதைப் பார்த்தாள். நம்பிக்கை வரவில்லை. “சாயங்காலம் நீங்களே தூங்க வைங்க. பார்க்கிறேன்” என்றாள். பெட்டியைக் கூண்டுக்குப் பக்கத்து மேஜை மேல் வைத்துவிட்டு, கிளியின் கண்ணில் படாமல் கதவோரம் நின்றுகொண்டாள்.

செருப்பு, சாவி, வெந்நீர், மணி, போர்வை. எதுவும் பிசகவில்லை. “ஒரு தரம்...” “ரெண்டு தரம்...” அங்கே நின்றுவிட்டது. பார்வை மேஜை மேலிருந்த பெட்டிக்குப் போனது. மூன்று சொன்னால் சரக்கு போச்சு. முப்பது வருஷமாக அதுதானே சட்டம்? கிளி கண்ணை விரித்துக் காத்திருந்தது.

“சொல்லுங்கப்பா” என்றது கதவோரத்து ரகசியக் குரல்.

“மூணு தரம்.”

ஒரு கால் மேலே போனது. இறகு உப்பியது. சத்தம் நிறுத்திய அந்த வீட்டில் கறுக் கறுக் மட்டும் கேட்டது. மகள் மெல்ல வந்து அவர் பக்கத்தில் நின்று, அந்தச் சத்தம் ஓய்ந்து கிளி கண்ணை மூடும்வரை கேட்டாள். பிறகு அவர் காதருகே குனிந்து சொன்னாள்:

“உங்களுக்கேப்பா.”

அவர் வலக்கை தானாகத் தலைக்கு மேல் எழுந்தது. காலிப் பெட்டியின் மூடியை நோக்கி விசையோடு இறங்கியது. மனைவி காதைப் பொத்திக்கொண்டாள். மூடிக்கு ஒரு விரற்கடை மேலே கை நின்றது. நின்று, பூவை வைப்பதுபோல் மெதுவாக அதன் மேல் படிந்தது.