மூடி திறக்காத மத்தியானம்

மகள் டீச்சர் வேலைக்குப் படிக்கிறாள். நேற்று தரையில் சார்ட் பேப்பரை விரித்து, தடித்த பேனாவால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். அந்த மை வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குப் பழைய மத்தியானம் ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. "இன்னாம்மா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?" என்றாள். ஒன்றுமில்லை என்று எழுந்து போய்விட்டேன். உங்களிடம் சொல்வதற்கென்ன.

அவள் மூணாவது படித்த வருஷம், மே மாதம், எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில், புயலுக்கு ஒதுங்கும் கட்டடத்துக்குக் காலேஜ் வாத்தியார்கள் வந்தார்கள். காலையில் வந்து சாயங்காலம் போவார்கள். கடல், ஏரி பற்றிப் புதிதாக ஒரு கோர்ஸ் வைக்கப்போகிறார்களாம். அதில் என்ன சொல்லிக்கொடுப்பது என்று இங்கே உட்கார்ந்து முடிவு செய்யணுமாம். எனக்குத் தெரிந்த கோர்ஸ், டாக்டர் எழுதித் தரும் மாத்திரை கோர்ஸ்தான். சுவரெல்லாம் சார்ட். அதன்மேல் கலர் கலராகத் துண்டுக் காகிதம். ஒருவர் ஒட்டுவார், இன்னொருவர் பிய்ப்பார். வாத்தியார்களுக்கே வீட்டுப்பாடம் வேறு. எழுதாமல் வந்தவரைப் பெரிய மேடம் முறைப்பார். எனக்குச் சிரிப்பு வரும். வாய்க்குள்ளேயே சிரிப்பேன்.

வெளியே சிரிக்கப் பயம். நான் நாலாவதோடு நின்றவள். டீச்சர் என்றால் இன்றைக்கும் உள்ளங்கை வேர்க்கும். பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடி அப்படி. நாத்தனார் மாரிதான் என்னைச் சமையலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "டீச்சருங்க தான அண்ணி, கடிக்கவா போறாங்க?" என்றாள்.

கட்டடத்துக்குப் பின்னால் அடுப்பு. தினமும் மடவை மீன் குழம்பு. புளி கரைத்தால் அம்மா ஞாபகம் வரும். அம்மாவுக்குப் பின்னாலேயே நைனாவும் வந்துவிடுவார். நைனா முகத்துவாரத்தில் காற்றில் சிக்கிப் போனவர். ஏரி கடலில் சேரும் இடம் அது. அன்றைக்கு அவர் வர நேரமானது. பிள்ளைகள் பசியில் அழுதோம். அம்மா பானையைத் திறந்து எங்களுக்குப் போட்டாள். அவருக்கும் எடுத்து வைத்தாள். அவர் வரவில்லை. "நான் அவசரப்பட்டுட்டேனே" என்று சாகும்வரை சொன்னாள். சோற்றுக்கும் காற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது. என் வீட்டு ஆள் தண்ணீரில் இருக்கும்போது நான் பானையைத் திறக்க மாட்டேன். ஊர் வழக்கமெல்லாம் இல்லை. என் பயம், அவ்வளவுதான்.

ஒருநாள் வாத்தியார்களில் பாதிப் பேர் ஏரிக்குள் போனார்கள். படிக்க வரும் பிள்ளைகளை ஒருநாள் படகில் அழைத்துப் போவதாகக் கோர்ஸில் போட்டிருந்தார்கள். அதற்கு இவர்கள் முதலில் போய்ப் பார்க்க வேண்டுமாம். எங்கள் வீட்டுக்காரர் படகுதான். நனைந்துவிடும் என்று போனைப் பாலிதீனில் சுற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். ஏரிக்குள் யார் போனுக்கும் சிக்னல் கிடையாது. சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவதாகப் பேச்சு.

வெயில் உச்சிக்கு வந்தபோது காற்று மாறியது. காயப்போட்ட வலை எழுந்து புரண்டது. மண் வந்து கண்ணில் அடித்தது. முகத்துவாரம் பக்கம் தண்ணீர் வெள்ளையாகப் பொரிந்தது. படகைக் காணோம். மாரி கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்க்கவில்லை. பானை மூடியின்மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தேன்.

பெரிய மேடம் தட்டோடு வந்தார். "சோறு ஆச்சா? எல்லாரும் காத்துட்டிருக்காங்க."

"வேகல மேடம்."

"குழம்பு வாசனை லைட்ஹவுஸ் உச்சி வரைக்கும் போகுது. வேகலையா?"

"வேகல மேடம்."

"போனவங்களுக்கு எடுத்து வச்சிடுங்க. வந்து சாப்பிட்டுக்கட்டும்."

அம்மாவும் இப்படித்தான் எடுத்து வைத்தாள். கல்லை இன்னும் அழுத்தி வைத்தேன்.

அடுத்து, சரித்திரப் பாடம் எடுக்கும் வயதான சார் வந்தார். முகமெல்லாம் வேர்வை. "எம்மா, எனக்கு சுகர். நேரத்துக்குச் சாப்பிடலன்னா கை நடுங்கும்" என்று கையைக் காட்டினார். நடுங்கத்தான் செய்தது. இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மாரி காதருகே வந்து, "அவருக்கு மட்டும் ஒரு கரண்டி அண்ணி" என்றாள். "பேசாத" என்றேன். டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டு, வாழைப்பழத்தோடு கொடுத்தேன். "சுகர்காரனுக்குச் சர்க்கரை டீயா! வீட்ல பார்த்தா என்னைக் கொன்னுடுவாங்க" என்று குடித்தார். கொஞ்ச நேரத்தில் வேர்வை அடங்கியது. எனக்கு அடங்கவில்லை.

மேடத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன பிடிவாதம் இது? மூடியைத் திறங்க!"

மூடிமேல் வைத்த கையை எடுக்கவில்லை. "அடிச்சாலும் தெறக்க மாட்டேன் மேடம்."

"யாரும்மா உன்னை அடிக்கப் போறா?" பிறகு மாரி பார்க்கும் பக்கம் பார்த்தார். "படகுல யாரு போயிருக்கா?"

"எங்கண்ணன் தான் மேடம் ஓட்டினு போயிருக்குது" என்றாள் மாரி. "இவங்க வீட்டுக்காரரு."

மேடம் தட்டைச் சுவர்மேல் வைத்தார். கரையில் போய் நின்றார். அவரைப் பார்த்து மற்றவர்களும் தட்டை வைத்துவிட்டுப் போனார்கள். அப்போதுதான் எனக்கு உயிரே போனது. அதுவரை எனக்குத்தான் கிறுக்கு என்று நினைத்துக்கொள்ள முடிந்தது. படித்தவர்களும் பயந்து நின்றால் அப்புறம் எதைப் பிடித்துக்கொள்வது?

வெயில் சாய்ந்த பிறகு வந்தார்கள். காற்று ஏரித் தண்ணீரை ஒருபக்கமாகத் தள்ளிவிட, படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார்கள். இடுப்பு வரை சேறு. எங்கள் வீட்டுக்காரர், "இன்னா, அல்லாரும் கரையில கூட்டம் போட்டுனு கீறீங்க? சோறு தீந்துடுச்சா?" என்றார்.

மூடியை எடுத்தேன். அது நழுவி உருண்டு ஓடியது. சோறு களியாகியிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

சாயங்காலம் மேடம் சுவரிலிருந்து படகு நாள் காகிதத்தைப் பிய்த்தார். "பசங்களுக்கு அதான் மேடம் ரொம்பப் பிடிக்கும்" என்றார் சேற்றோடு வந்த ஒரு சார். "நீங்க கரையில நிக்கல சார்" என்றார் மேடம்.

நான் அவ்வளவு பயந்து காத்த மனிதர் தண்ணீரில் போகவில்லை. பிற்பாடு காமாலை வந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் போனார். படகை விற்றாயிற்று. இப்போதும் காற்று மாறும். பக்கத்து வீட்டுப் பெண்கள் கரைக்கு ஓடுவார்கள். நான் எழுந்திருப்பதில்லை. எனக்கு ஏரியில் யாரும் இல்லை. அந்தப் பயமும் அவரோடு போய்விட்டது. பசித்த நேரத்துக்குச் சாப்பிட்டுவிடுகிறேன்.