இன்ஸ்பெக்சனுக்கு வைத்த பீஸ்

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷின் துடைக்கும் ஆளாகச் சேர்ந்து, லேத் கற்று, சொந்தமாக ஷெட் போட்டு, இன்று முப்பது பேருக்கு வேலை கொடுக்கிறேன். படித்த இன்ஜினியர்கள் கைவிட்ட மெஷினை ஒரு ஸ்பேனரோடு போய் ஓடவிட்டு வந்திருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்லமாட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

புராஸ்டேட் சுரப்பியில் புற்று, அதுவும் சுரப்பியின் சுவரைத் தாண்டிவிட்டது என்று பூந்தமல்லி பக்கத்து ஆஸ்பத்திரியில் சொன்னபோதுகூட, எத்தனை நாள் வேலை என்றுதான் கேட்டேன். டாக்டரம்மா திருநெல்வேலிக்காரர், பொறுமைசாலி. கதிர்வீச்சு புற்றணுவின் டிஎன்ஏ இழையை அறுக்கும், ஆனால் அணு சும்மா இருக்காது, அறுந்ததை ஒட்டிக்கொள்ளும் என்றார். என் கட்டியில் ஒட்டும் வழி ஒன்று ஏற்கெனவே கெட்டிருக்கிறதாம். மிச்சமிருக்கும் வழியை மாத்திரையால் அடைத்துவிட்டால், அறுந்தது அறுந்தபடியே கிடந்து அணு சாகும். இன்னும் சோதனையில் இருக்கும் முறை, பலிக்குமென்று உறுதி தரமுடியாது, சம்மதமென்றால் கையெழுத்துப் போடுங்கள் என்றார். மாத்திரை நம் ரத்தத்தையும் குறைக்கும், வாராவாரம் சோதிக்க வேண்டும், ரொம்பக் குறைந்தால் மாத்திரையைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. மெயின் மோட்டார் போனால் ஸ்டாண்ட்பை மோட்டார் ஓடும். அதன் ஃபியூஸையும் பிடுங்கிவிட்டால் ஷெட்டே நின்றுபோகும். வாழ்நாளெல்லாம் ரிப்பேர் செய்து சம்பாதித்தவன், ரிப்பேரை நிறுத்தும் மாத்திரைக்குக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டாவது வாரமே மாடிப்படி ஏற மூச்சு வாங்கியது. கோவில்பதாகையில் மூன்று மாடி கட்டியவன் நான், முதல் மாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ரத்தம் இறங்கிவிட்டது என்று தெரிந்தது. ரத்தச் சோதனையில் அது தெரிந்தால் டாக்டரம்மா மாத்திரையை நிறுத்திவிடுவார், புற்று தன்னை ஒட்டவைத்துக்கொள்ளும். யாரும் சொல்லாமல் நானே போட்ட கணக்கு இது. பயந்துவிட்டேன். அப்படி ஒரு பயம் எனக்குப் பழக்கமே இல்லை.

எங்கள் எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. கம்பெனியிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தால் குவியலிலிருந்து எடுத்துக் காட்டமாட்டோம். அளவு துல்லியமாக வந்த பீஸ் ஒன்றை எண்ணெய்த் துணியில் சுற்றி மேசை டிராயரில் வைத்திருப்போம். அவர் அதை அளந்து கையெழுத்துப் போடுவார், மொத்த லாட்டும் வண்டி ஏறும்.

என் மனைவியின் தம்பி எனக்கு நாலு வயது இளையவன். தினமும் ஏரிக்கரையில் நடப்பவன், எருமை மாதிரி உடம்பு. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் நேரமும் என் கதிர்வீச்சு நேரமும் ஒத்துவராததால், ஆவடியில் ஒரு லேபில் எடுத்து ரிப்போர்ட்டைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அங்கே என் பெயரைச் சொல்லி அவன் கையை நீட்டச் சொன்னேன்.

"இன்னா மாமே, ரத்தத்துலயுமா டூப்பு உடுவே?"

"நம்ம எஸ்டேட்ல பண்ணாததா? நீதான்டா என் இன்ஸ்பெக்சன் பீஸ்."

சிரித்தான். போய்க் கொடுத்தான்.

அந்த வாரம் புற்றின் போக்கைக் காட்டும் பிஎஸ்ஏ சோதனையையும் சேர்த்து எழுதியிருந்தார்கள், எனக்கு அது தெரியாது. ரிப்போர்ட்டில் ரத்தமும் நன்றாக இருந்தது, பிஎஸ்ஏவும் தாழ்ந்திருந்தது. டாக்டரம்மா முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். வீட்டில் என் மனைவி அந்தத் தாளை அம்மன் படத்துக்குப் பின்னால் செருகினாள், சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். அவள் தம்பி ஒரு வாய்கூடத் தின்னவில்லை. நான் தின்றேன். என் புற்று குறைந்ததா வளர்ந்ததா என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது என்பது எனக்கும் அவனுக்கும் மட்டுமே தெரியும்.

அடுத்த வாரமும் அவன்தான் கொடுத்தான். வெயிலில் கறுத்த என் தோலில் வெளுப்புத் தெரியவில்லை. நாலாவது வாரம், கதிர்வீச்சுக்காகத் தண்ணீர் குடித்து மூத்திரத்தை அடக்கிக்கொண்டு, மெஷின் அறைக்குள் இரண்டு எட்டு வைத்தேன். விழுந்தேன். நினைவு வந்தபோது வேட்டி நனைந்திருந்தது.

அங்கேயே ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா லேப் தாளையும் ஆஸ்பத்திரித் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஹீமோகுளோபின் ஒன்றில் பதினாலு, ஒன்றில் ஆறு. லேப்காரன் தப்பு பண்ணியிருப்பான் என்று சொன்னேன். அப்படியானால் அந்த லேப் மேல் புகார் கொடுக்கிறேன் என்று போனை எடுத்தார். அங்கே ஊசி போடும் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. பழி அவள்மேல் விழுமென்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"ஐயா, ரத்தம் குறைஞ்சது தெரிஞ்சிருந்தா நான் மாத்திரையை நாலு நாள் நிறுத்தி, அளவைக் குறைச்சுத் திரும்பக் கொடுத்திருப்பேன். அதுக்குத்தான் அந்த டெஸ்டே."

நான் கெஞ்சினேன்.

"ஒரு பீஸைத்தான்மா தப்பாக் காட்டினேன். மொத்த லாட்டையும் தள்ளிடாதீங்க."

தள்ளித்தான் விட்டார்கள். பொய் ரத்தம் கலந்த கணக்கை வைத்துக்கொண்டு இன்னொருவருக்கு எப்படி மாத்திரை கொடுப்பது என்று டாக்டரம்மா கேட்டார். அந்தப் புது முறைச் சோதனையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள், மாத்திரை இனி இல்லை. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அதற்குள் கதிர்வீச்சும் சில நாள் நின்றுபோனது. அந்த நாட்களில் கட்டிலில் படுத்து, உள்ளே எத்தனை இழை ஒட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே கிடந்தேன். யாரோ ஒரு ஃபிட்டர் உள்ளே இறங்கி வேலை செய்வதுபோலவே இருக்கும். நன்றாக வேலை தெரிந்தவன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை. அம்மன் படத்துக்குப் பின்னாலிருந்து தாளை எடுத்து, நாலாக மடித்து, தம்பி கையில் கொடுத்தாள்.

"இந்தா, உன்துதான். நீ நல்லா கீறே."

அவன் அழுதான். மூக்கைக்கூடத் துடைக்கவில்லை.

என் பிஎஸ்ஏவுக்காக என் கையிலிருந்தே எடுத்த ரத்தம் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. முடிவு நாளைக்கு. இன்னும் ஒன்பது தடவை கதிர்வீச்சு பாக்கி, மாத்திரை இல்லாமல். இன்றும் போய்ப் படுத்தேன். மெஷின் என்னைச் சுற்றி வந்தது, சத்தத்தில் ஒரு குறை இல்லை, பேரிங் நன்றாகவே இருந்தது. எழுந்திருக்க மெஷின் ஓட்டும் பையனின் கை வேண்டியிருந்தது. வெளியே காரில் மச்சான் இருந்தான். வேப்பம்பட்டில் கட்டிக்கொடுத்த என் மகளுக்கு என்ன சொல்லலாம் என்று கேட்டான். எதுவும் சொல்லாதே, இதுவரை சொன்ன பொய்யே போதும் என்றேன்.