அல்லிநகரத்துத் துரை

சுருளியாண்டிக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதிலும் பாதி வசவு. அதை வைத்துக்கொண்டே பல வருஷம் கம்பம் பள்ளத்தாக்கில் வெள்ளைக்காரத் துரையாகக் காலம் தள்ளினார். தேனி, போடி, சின்னமனூர், கம்பம் என்று எங்கே நாடகம் போட்டாலும் சரி, அதில் ஒரு துரை வந்து குடியானவனை மிரட்டி, பூட்ஸ் காலால் எத்தி, கடைசியில் பபூனிடம் செருப்படி வாங்கிக்கொண்டு ஓடினால் அந்தத் துரை இவர்தான். சனங்கள் மண்ணை வாரி எறிவார்கள். நடிப்பு ரொம்பவும் நன்றாக அமைந்துவிட்டால் கல்லும் வரும். அந்த உத்தியோகத்தில் பேர் வாங்குவது என்றால் அதுதான்.

ஆசைப்பட்டு எடுத்த வேஷமில்லை அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தஞ்சாம் வருஷ வாக்கில் அவர் ராஜபார்ட். நல்ல மாநிறம், கணீரென்ற குரல். ஸ்திரீபார்ட்டோடு தர்க்கத்தில் இறங்கினால் கூட்டம் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாது. அப்போதுதான் உதட்டோரம் ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்தது. அரிதாரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். பிறகு விரல் நுனி, கண்ணிமை, கழுத்து. உத்தமபாளையத்து வைத்தியர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது ஒட்டாது, வலிக்காது, ஆளைக் கொல்லாது. தோலு சாயம் போகுது, அம்புட்டுத்தான்" என்றார். வைத்தியர் சொல்லி ஊர் எப்போது கேட்டது? ஊர் அதற்கு வெண்குஷ்டம் என்று பேர் வைத்தது. காப்பிக் கிளப்பில் அவர் குடித்த தம்ளரைத் தனியாகக் கவிழ்த்தார்கள். கூட நடித்த அம்மாள், மேடையில் அவர் கையைப் பிடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ராஜபார்ட் வேறொருவனுக்குப் போனது.

சில வருஷம் சும்மா கிடந்தார். வெள்ளை மட்டும் சும்மா கிடக்கவில்லை. முகம் முழுக்க, கை முழுக்க இடம் பிடித்துவிட்டது. சுதேசி நாடகங்கள் மும்முரமாக நடந்த நேரம். கம்பத்தில் நாடகம் பேசிவிடுகிற ஏஜெண்டு பக்கீர் முகம்மது ராவுத்தர் ஒருநாள் அல்லிநகரத்து வீட்டுக்கே வந்து நின்றார்.

"ஏப்பா சுருளி, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காத. துரை வேஷத்துக்கு ஆளு தேடி அலையிறேன். எவன் போட்டாலும் முத்துவெள்ளையப் பூசிக்கிட்டுச் சுண்ணாம்பு அடிச்ச செவுரு கணக்கா வந்து நிக்கிறான். உனக்கு ஒரு கோட்டும் தொப்பியும் போதும்ப்பா."

சுருளியாண்டி அவரைத் திட்டி அனுப்பிவிட்டார். அன்று ராத்திரி சாப்பிடவும் இல்லை. மனைவி இருளம்மாள் இருந்த கஞ்சியை மூடிவைத்தாள். அடுப்பும் பல நாள் சரியாக எரியாமல்தானே இருந்தது. கடைசியில் அவரே கம்பத்துக்கு பஸ் ஏறிப்போய்க் கோட்டை மாட்டிக்கொண்டார்.

அதற்கப்புறம் பேரும் துரை என்றே ஆகிப்போனது. ஒருமுறை கோட்டும் தொப்பியுமாகத் தேனி சந்தை வழியே போனவரைப் பார்த்துப் புதிதாக வந்த கான்ஸ்டபிள் விறைத்து நின்று சல்யூட் அடித்தான். இவரும் தலையை அசைத்துவிட்டு நடந்தார். மனுசனாக மதிக்காத சந்தை அன்று வழி விலகி நின்றது. பேசும்படத்திலும் ஒன்றில் தலைகாட்டினார். காரிலிருந்து இறங்கி ஒரே ஒரு வார்த்தை சொல்லும் துரை. கோயம்புத்தூரில் படம் பிடித்தபோது, வெள்ளை போதவில்லை என்று அவர்மேல் இன்னொரு பூச்சு பூசினார்களாம். அதை நினைத்து நினைத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கசப்பும் இருந்தது.

மகள் சங்கிலியம்மாள் பெரியவளானதும் அந்தச் சிரிப்பும் நின்றது. பெண் லட்சணமானவள், காடுகரை வேலையில் சூரி. ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் அப்பனைப் பார்த்தால் அப்படியே திரும்பிப் போனார்கள். இது ரத்தத்தில் வருமாம், பேரப்பிள்ளைகள் மேல் விழுமாம். தன் தோலால் மகள் கன்னியாகவே நின்றுவிடுவாள் என்ற பயம் அவரைத் தின்றது. மேடையில் பூட்ஸ் காலால் எத்தும்போதுகூட அந்த நினைப்புதான்.

மறுபடியும் ராவுத்தர்தான் வழி கண்டுபிடித்தார். கூடலூரில் ராக்கையா என்று ஒரு சம்சாரி. ஆற்றுப் பாசனத்தில் வயல், வீரபாண்டி என்று ஒரே பையன், அவனுக்குக் கீழே ஒரு சின்னப் பெண். அவர்கள் அல்லிநகரம் வந்து பெண் பார்த்தபோது, அப்பா நாடகத்துக்குப் போயிருக்கிறார் என்று இருளம்மாள் சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் கம்பத்தில் நாடகம் முடிந்து வெயில் ஏறுகிற நேரம், கொட்டகைக்குப் பின்னால் ராவுத்தர் ராக்கையாவைக் கூட்டிவந்து நிறுத்தினார். சுருளியாண்டி கோட்டைக்கூடக் கழற்றாமல் காத்திருந்தார்.

ராக்கையா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அடேயப்பா! என்னா வேசம் சம்மந்தி! நெசத் துரையே உங்ககிட்டத் தோத்தான். இத்தன வேர்வையிலயும் கலையலையே!"

"சரக்கு அப்படி. இதக் கலைக்கிறதுக்குள்ள உச்சிப்பொழுது ஆயிரும். அதான் இப்படியே பேசிருவோம்னு…" என்றார் சுருளியாண்டி. வாழ்நாளில் அந்த ஒரு வசனத்துக்குத்தான் அவருக்கு நாக்கு குழறியது.

தன் தோலையே வேஷம் என்று சொல்லி மகளுக்கு மாப்பிள்ளை பிடித்தாயிற்று. கல்யாணத்துக்கு என்ன செய்வது? கோட்டும் தொப்பியுமாகவா தாரை வார்ப்பது? கல்யாணம் கூடலூரில், மாப்பிள்ளை வீட்டுப் பந்தலில். விடியுமுன்னே ஊருக்கு வெளியே வாய்க்கால் கரையில் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்தார்கள். காவிக்கல்லை உரசி, அடுப்புக்கரியும் அரிதாரமும் சேர்த்துத் தேங்காயெண்ணெயில் குழைத்து இருளம்மாள் பூசினாள். கொஞ்சம் பூசுவாள், தள்ளி நின்று பார்ப்பாள், தலையை ஆட்டிவிட்டு மறுபடி குழைப்பாள்.

"போதும் விடு, எவன் பாக்கப்போறான்" என்றார்.

"சும்மா இருங்க. மொதமொத எங்க வீட்டுக்கு வந்தப்ப இருந்த நெறம் எனக்குத் தெரியாதா?"

பூசி முடித்ததும் அவள் எழுந்து தள்ளிப் போனாள். பார்த்துக்கொண்டே நின்றாள். தான் கட்டிக்கொண்ட ஆளை இத்தனை வருஷம் கழித்து அன்றைக்குத்தான் பார்க்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு டப்பாவை மூடினாள்.

கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. மகள் காலில் விழுந்து எழுந்தபோது அவர் முகத்தைப் பார்த்தாள், சட்டென்று குனிந்துகொண்டாள். அவளுக்கும் அது பழகாத முகம்.

ஒருநாள் வேஷம் என்று நினைத்ததுதான் தப்பு. தீபாவளி, பொங்கல், வளைகாப்பு, பேரன் பிறந்தது, காதுகுத்து என்று மகள் வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் வாய்க்கால் கரையில் இறங்கிப் பூசிக்கொள்ள வேண்டியதாயிற்று. நாடகத்திலாவது விடிந்தால் வேஷம் கலையும். சம்பந்தி வீட்டில் உட்கார்ந்தால் எண்ணெய் ஒட்டும் என்று சுவரில் சாயமாட்டார். கையில் பூசியது சோற்றில் இறங்கும் என்று, வயிறு சரியில்லை என்று சொல்லி இலையை மூடிவிடுவார். ராத்தங்கலும் கிடையாது. பேரன் ஓடிவந்து காலைக் கட்டினால் மேலே தூக்கமாட்டார். பிள்ளை கன்னத்தை உரசினால் அப்பிக்கொள்ளுமே! தாத்தாவுக்குத் தன்மேல் பிரியமில்லை என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டது. நாளாவட்டத்தில் ஓடி வருவதையும் விட்டுவிட்டது. அது அவருக்குக் கல்லடியைவிட வலித்தது.

சுதந்திரம் வந்தது. துரைமார் கப்பலேறினார்கள், துரை வேஷத்துக்கும் வேலை போயிற்று. இல்லாதவனை அடித்து என்ன செய்ய என்று சனங்களுக்குச் சலித்துவிட்டது. அதே வருஷம் காய்ச்சலில் இருளம்மாளும் போய்ச் சேர்ந்தாள். சுருளியாண்டி ஒண்டியாளாகச் சோறு பொங்கித் தின்றார். மகள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எங்களோட வந்து இருங்கன்னு கூப்புடக்கூட முடியலையேய்யா. தெனமும் பூசிக்கிட்டா கெடப்பீக?"

"எனக்கென்னாத்தா, நான் நல்லாத்தான இருக்கேன். உன் பொழப்பு கெட்டுறாம இருந்தாப் போதும்" என்றார். நல்லாயில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

மறுவருஷம் கோயில் கும்பிடு என்று கூடலூரிலிருந்து ஆள் வந்தது. போகாமல் இருந்தால் மகளுக்கு மதிப்பில்லை. வாய்க்கால் கரையில் கைக்கண்ணாடியை மரத்து இடுக்கில் செருகிவைத்துத் தானே பூசிக்கொண்டார். கண் வேறு மங்கல். எப்படியோ முடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். வீட்டில் எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். ராக்கையாவும் பேரனும்தான் இருந்தார்கள். கொல்லையில் தொட்டிப் பக்கம் கல்லில் இரண்டு சம்பந்திகளும் உட்கார்ந்தார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள், நெல் விலையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு ராக்கையா அவரை உற்றுப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"சம்மந்தி, இன்னைக்குக் கொஞ்சம் கறுப்பு கூடிப்போச்சு."

சுருளியாண்டியின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

"பின்கழுத்துல விட்டும் போச்சு. உங்க வீட்டம்மா இருந்தாக, பக்குவமாப் பூசிவிட்டாக. பாவம், நீங்க ஒத்தையில என்ன பண்ணுவீக."

"உங்களுக்கு… எப்பத் தெரியும்?"

"என்ன சம்மந்தி இப்படிக் கேக்குறீக! துப்பு விசாரிக்காமயா பொண்ணு எடுப்போம்? அல்லிநகரத்துல பஸ்ஸ விட்டு எறங்குன ஒடனே மொத ஆளே சொல்லிட்டான். பையன் அந்தப் பொண்ணுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னான். எங்களுக்கும் புடிச்சிருந்துச்சு. தெரியும்னு சொன்னா சாதிசனத்துக்குப் பயந்து வேணாம்னு சொல்லியாகணும். தெரியாத மாதிரி இருந்துட்டா எடுத்துக்கிறலாம். அதான் இருந்துட்டோம். உங்க மகளுக்குக்கூட எங்களுக்குத் தெரியும்ங்கிறது தெரியாது."

அன்று கொட்டகைக்குப் பின்னால் நின்று வாயைப் பிளந்த ராக்கையா சுருளியாண்டியின் கண்ணில் வந்து நின்றார். என்னமாய் நடித்திருக்கிறான் மனுசன்! ஒத்திகை பார்க்காமல், கைதட்டல் இல்லாமல் ஒரு குடும்பமே இத்தனை வருஷம் நடித்திருக்கிறது. கோபம் வருமென்று பார்த்தார், வரவில்லை. அழுகைதான் வந்தது. எத்தனை பட்டினி, எத்தனை தீபாவளி, வாசல் வரை வந்து திரும்பிய எத்தனை ராத்திரி! எல்லாம் தெரிந்த ஆட்களுக்கு முன்னால்.

எழுந்து தொட்டிக்குப் போனார். முகத்தில் தண்ணீரை அடித்துத் தேய்த்தார். காவி கரைந்து வேட்டியில் ஒழுகியது. பேரன் பயந்துபோய்ப் பார்த்தான். பாதி முகம் வெளுப்பும் பாதி முகம் கறுப்புமாக அவனைப் பார்த்துச் சிரித்தார்.

"வாடா என் அய்யா, தாத்தாகிட்ட வா. இனி எங்கிட்டும் போகமாட்டேன், இங்கனதான் கெடப்பேன்" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

"இருங்க சம்மந்தி" என்றார் ராக்கையா. அவர் குரல் இறங்கியிருந்தது. "நான் பேச வந்தது அதுக்கில்ல. எங்க சின்னவளுக்குச் சின்னமனூர்லருந்து பேசியிருக்கு. மாப்ள வீட்டுக்காரக இன்னைக்குக் கோயிலுக்கு வந்திருக்காக. இப்ப நம்ம ஆளுகளோட இங்கதான் சாப்புட வருவாக. அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது. பாத்தா, ஒட்டுற நோயின்னு பயந்து இந்தச் சம்பந்தமே அத்துப்போயிரும். பொண்ணப் பெத்தவக, உங்களுக்கு நான் சொல்லணுமா?"

சுருளியாண்டி நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். அவருக்குச் சொல்ல வேண்டியதில்லைதான். ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அந்தப் பயம் அவருக்குத் தெரியும். முதுகை வலித்தது. சும்மா கொஞ்சம் படுக்க வேண்டும் போலிருந்தது.

தெருவில் மேளச்சத்தம் நெருங்கியது. அவர் கல்லில் வந்து உட்கார்ந்து, பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தார். கண்ணாடி எங்கே என்று தடவினார்.

"குடுங்க, நான் பூசிவிடுறேன்" என்று ராக்கையா டப்பாவை வாங்கிக்கொண்டார். பின்னால் வந்து நின்று, விரலில் தொட்டுத் தொட்டு, அந்த வெளுத்த கழுத்தில் அவரே பூசத் தொடங்கினார். இருளம்மாள் போன பிறகு, மகளைத் தவிர, அவர்மேல் பட்ட முதல் கை அது. துளிக்கூட அருவருப்பில்லாத கை. சுருளியாண்டி கண்ணை மூடிக்கொண்டு தலையைக் குனிந்து கொடுத்தார்.