நான் கேட்காமல் விட்ட சொல்

நான் வக்கீலாகி நான்காவது வருடம். மயிலாப்பூரில், லஸ் பக்கம் ஒரு மாடியில் என் சீனியரின் அலுவலகம். ஓர் ஐப்பசி மாதக் காலையில் பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் விற்கும் பெண்மணி ஒருவர் படியேறி வந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், கணவரை இழந்தவர். மாமனார் கட்டிய வீட்டில் முன்பக்கம் கணவரின் அண்ணன் குடும்பம் இருந்தது. பின்னறையில் இவரும் பத்தாம் வகுப்பு படிக்கும் மகளும்.

"நேத்து நான் மார்க்கெட்டுக்குப் போனப்ப மூத்தாரு ஆளுங்கள வெச்சு என் ரூம்பு மேல கீற ஷீட்டெல்லாம் கழட்டிட்டாரு, வக்கீலம்மா. அண்ணாந்து பாத்தா வானம் கீது."

சீனியர் வெளியூர் போயிருந்தார். நானே மனு எழுதித் தாக்கல் செய்தேன். தனியாக நடத்தும் முதல் அவசர வழக்கு என்பதில் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

மறுநாளே வழக்கு விசாரணைக்கு வந்தது. இப்போதைக்கு என்ன உத்தரவு வேண்டும் என்று நீதிபதி கேட்டார்.

"ஸ்டேட்டஸ் கோ, யுவர் ஆனர்."

எதிர்த்தரப்பு வக்கீல் மறுப்பே சொல்லவில்லை. அதுவே என்னை யோசிக்க வைத்திருக்க வேண்டும். இன்றுள்ள நிலையை இரு தரப்பும் அப்படியே காக்க வேண்டும் என்று ஒரு நிமிடத்தில் உத்தரவு வந்துவிட்டது.

"ஆர்டர் வாங்கியாச்சுக்கா," என்றேன் வராந்தாவில். "ஸ்டேட்டஸ் கோ. இருக்கறது இருக்கறபடியே இருக்கணும். இனிமே அவர் எதையும் தொட முடியாது."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நாளிக்கே ஷீட்டு போட்டுக்கிறேன்மா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைய தேதியில் 'இருப்பது' கூரையில்லாத அறை. அதைத்தான் காப்பாற்றித் தரும்படி நான் கேட்டிருக்கிறேன். ஸ்டேட்டஸ் கோ ஆன்டே என்று இன்னொன்று உண்டு, தகராறுக்கு முன்பிருந்த நிலை என்று அர்த்தம். அந்தக் கடைசிச் சொல்லையும் சேர்த்துக் கேட்டு வாதாடியிருக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் எழுதி, சட்டக் கல்லூரியில் மார்க் வாங்கியவள் நான்.

"கொஞ்சம் பொறுங்கக்கா. இன்னொரு மனு போடணும்," என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

உத்தரவை மாற்றக் கோரி மனு போட்டேன். பதில் சொல்ல எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டது. அடுத்த தேதியில் நீதிபதி விடுப்பு. இதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அவர் தன் அறைக்கு மேல் தார்ப்பாய் கட்டினார். அதுவும் உத்தரவை மீறுவதுதான் என்று மூத்தார் புகார் கொடுக்க, காவலர் ஒருவர் வந்து விசாரித்துவிட்டுப் போனார். பயந்துபோய் இவரே தார்ப்பாயை அவிழ்த்துவிட்டார். மூன்று நாள் கழித்துத்தான் எனக்குப் போன் செய்தார்.

"கட்டுங்கக்கா, நான் பாத்துக்கறேன்," என்றேன்.

மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஊறிப்போன பின்சுவர் விழுந்து கிடந்தது. செங்கல்லுக்கு அடியில் மகளின் பாடப் புத்தகங்கள். அவள் பள்ளிக்குப் போயிருந்ததால் யாருக்கும் அடியில்லை.

ஆட்டோ பிடித்துப் போனேன். அவர் சேற்றிலிருந்து பாத்திரங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"தப்பு என்னுதுக்கா. அன்னிக்கு 'ஆன்டே'ன்னு இன்னும் ஒரு வார்த்தை சேத்துக் கேட்டிருக்கணும். கேக்கல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அது இன்னா பாசை?"

"லத்தீன்."

"யாரு பேசறாங்க அத?"

"இப்ப யாரும் பேசறதில்ல."

"எங்க மாதா கோயில்ல அந்தக் காலத்துல அதுலதான் பூசை வெப்பாங்களாம். எங்க ஆயா ஒண்ணும் புரியாமயே ஆமேன் சொல்லுமாம்." கையிலிருந்த தட்டைத் துடைத்தார். "நானும் அன்னிக்கு அப்டிதான் தலையாட்டினேன். கடவுளுக்காவது புரிஞ்சிருக்கும். உனக்கே புரியலியேம்மா."

முட்டி போட்டு உட்கார்ந்து நானும் பாத்திரங்களைப் பொறுக்கினேன்.

இரண்டு வாரம் கழித்து சீனியரே வந்து வாதாடினார். கூரை போட்டுக்கொள்ள அனுமதி கிடைத்தது. சுவரையும் எழுப்பிக்கொண்டார்கள். வேறு வக்கீலிடம் போவதாக இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் அக்கா என்றேன்.

"புது வக்கீலுக்கு முதல்லேருந்து யாரு சொல்றது? நீயே பாரு," என்றார் அவர்.

மூல வழக்கு இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு மனுவையும் அவருக்குத் தமிழில் வரி வரியாகச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குகிறேன். நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்பார். சில சமயம் சிரிப்பார்கூட.

மகள் அந்த அரையாண்டுத் தேர்வைத் தோழி வீட்டில் தங்கி எழுதினாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். நான் போனால் நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு வெளியே போய்விடுவாள். இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.